டார்க்கா? முறுக்கமா?

(வேங்கிக்காலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மின்னோட்டம் நின்று வீடு இருண்டவுடன் ‘டார்ச்சை எடு’ என்கின்றனர். அலுவலகத்தில் மேலாளர் கடிந்துகொண்டால் ‘ஒரே டார்ச்சர்’ என்று வீட்டிற்கு வந்து நொந்துகொள்கின்றனர். வேலூர்ச் சாலையோரப் பட்டறையில் சரக்குந்தின் உருளைக்கு மரை முடுக்கும் இளைஞன், ‘டார்க் பார்த்து முடுக்கு’ என்று தன் தோழனுக்குச் சொல்கின்றான். மூன்று இடங்களில் மூன்று பொருள்களில் வழங்கும் இம் மூன்று சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைச் சொல்பவரும் அறியார்; கேட்பவரும் அறியார். பொருள் அறியாமலே நாவில் ஏற்றிக்கொண்ட சொல், கடன் வாங்கியவனுக்கே விளங்காத கடன்முறி போன்றது.

அம் மூன்றனுள் இறுதியில் நின்ற ‘டார்க்கு’ என்னும் சொல்லே இவ்வுரைக்குப் பொருள். அதன் வேர் யாது? அது குறிக்கும் பொருள் யாது? அப் பொருளைக் குறிக்கத் தமிழில் சொல் உண்டா? உண்டெனின், பள்ளிப் பாடநூல்களில் இன்று வழங்கும் சொல் அதற்குப் பொருத்தமானதுதானா? இந் நான்கு வினாக்களுக்கும் முறையே விடை காண்பது கடன்.

இலத்தீன வேர்

இலத்தீன் மொழியில் ‘தொர்க்குவேரே’ என்பது ஒரு வினை. முறுக்குதல், திருகுதல், வளைத்தல் என்பன அதன் பொருள்கள். அவ்வினையினின்று கிளைத்த சொற்கள் ஆங்கிலத்தில் ஒரு தோப்பாக வளர்ந்துள்ளன.

முறுக்கிய நாரை மெழுகில் தோய்த்துக் கொளுத்திய கைவிளக்கு முதற்கண் ‘டார்ச்சு’ எனப்பட்டது. நார் போய் மின்கலம் வந்த பின்னும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் உடலை முறுக்கி உண்மை வாங்கும் கொடுஞ்செயல் ‘டார்ச்சர்’ எனப்பட்டது. விலங்கின் நரம்பையும் மயிரையும் கயிறாக்கி, அக் கயிற்றை இறுக முறுக்கி, முறுக்கு அவிழும் வலியால் கல்லெறியும் போர்ப்பொறியை உரோமர் ‘தொர்மெந்தும்’ என்றனர். அச் சொல்லே பின்னர்ப் பெருந்துன்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. உண்மையைத் திரித்துச் சொல்லுதல், பொருளை வலிந்து பறித்தல், சொன்னவனுக்கே சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தல், கழுத்து வளைந்த காய்ச்சுகலம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் அவ்வேரினவே. ஒருவன் பிறனுக்கு இழைக்கும் தீங்கிற்கு ஈடு கோரும் சட்டப் பிரிவை, தமிழில் தீங்கியல் சட்டம் என்பர். அதற்கு ஆங்கிலர் வழங்கும் ‘டார்ட்டு’ என்னும் பெயரும் ‘முறுக்குண்டது, நேர்மையினின்று கோணியது’ என்னும் பொருளதே.

பழங்காலத்தில் கால் இனத்தார் பொற்கம்பியை முறுக்கிக் கழுத்தில் அணிந்தனர். அவ் வணியை உரோமர் ‘தொர்க்குவேசு’ என்றனர். கி.மு. 361ஆம் ஆண்டில் மான்லியசு என்னும் உரோம இளைஞன், தன்னினும் பேருருவினனான கால் இன மறவனைத் தனிப்போரில் வீழ்த்தி அவன் கழுத்தணியைக் கைக்கொண்டான் என்றும், அதனால் ‘தொர்க்குவாத்தசு’ என்னும் சிறப்புப்பெயர் பெற்றான் என்றும் உரோம வரலாற்றாசிரியர் இலிவி கூறுவர்.

இவ்விலத்தீன வினைக்கு வடமொழியிலும் உறவு உண்டு. நூல் முறுக்கும் கதிரை வடமொழியார் ‘தர்க்கு’ என்றனர். அதன் வழிவந்த சிறு கருவியே காந்தியடிகள் காலத்தில் நாடெங்கும் பரவிய தக்கிளி. எனவே தக்கிளியும் டார்ச்சரும் ஒரு குடிப்பிறப்பின. தமிழன் தன் நூற்புக் கருவியைக் கதிர் என்று வேறு பெயரால் வழங்கினான்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘டார்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல் யாவும் இவ்வேரின அல்ல. கப்பலைத் தகர்க்கும் நீர்மூழ்கிக் குண்டின் பெயராகிய ‘டார்பிடோ’ மரத்துப் போதலைக் குறிக்கும் வேறொரு வினையினின்று வந்தது. ஒலி ஒத்தால் உறவு என்று கொள்வது சொற்பிறப்பியல் ஆகாது. இவ் வெச்சரிக்கை தமிழர்க்கும் உரியதே. இலத்தீனத் ‘தொர்’ என்பதைக் கேட்டவுடன் தமிழ்த் ‘திரி’யினின்று அது பிறந்தது என்று முழங்கத் தோன்றும். சொல்லின் பழவடிவம், இடைநிலை வடிவம், இனமொழிச் சான்று ஆகிய மூன்றும் நிறுவப்படாதவரை அம் முழக்கத்தைப் பகைவர் எள்ளுவர், நண்பர் நாணுவர். தமிழின் பெருமைக்கு அத்தகைய முட்டு வேண்டுவதில்லை. பிறர் சொல்லைத் தமிழ் என்று காட்டுவதினும், தமிழ்ச்சொல்லைத் தமிழன் வழங்குமாறு செய்வதே முதற்பணி.

1884ஆம் ஆண்டு

‘டார்க்கு’ என்பது பொறியியற் சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது 1884ஆம் ஆண்டிலேயே. கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பொறியியற் பேராசிரியராக இருந்த சேம்சு தாம்சன் என்பவரே அதனை முன்மொழிந்தவர். அவர் கெல்வின் பெருமகனாரின் தமையனார். கோண அளவில் வழங்கும் ‘ரேடியன்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே. ஈழத்தார் அதனை ஆரையன் என்று அழகுற வழங்குவர். மின்பொறிகள் பெருகிய அக்காலத்தில், அச்சைச் சுழற்றும் தாக்கத்திற்கு ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் முறுக்குதலுக்குச் சொந்தச் சொல் இருந்தும், கற்றோர் வழக்கப்படி இலத்தீனக் களஞ்சியத்தைத் திறந்து அவர் ஒரு சொல்லை எடுத்தார்.

அதே 1884ஆம் ஆண்டில்தான் மருத்துவர் சாமுவேல் கிறீன் மறைந்தார். அமெரிக்காவில் பிறந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழில் புகட்டி, மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தும் பெயர்ப்பித்தும் அச்சேற்றியவர் அவர். ஆங்கிலப் பொறியியல் தனக்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்த காலத்திற்கு முன்பே, தமிழ் உடற்கூற்று நூலும் பண்டுவ நூலும் தாங்கி நின்றது. தமிழில் அறிவியல் இயலாது என்பார்க்கு இவ் வொன்றே போதிய விடை. இயலாமை மொழியினது அன்று, முயலாமை மக்களது.

தமிழின் வேர்கள்

இலத்தீன் ஒரு வினையால் குறித்ததைத் தமிழ் பல வினைகளால் நுணுகிப் பிரித்துரைக்கும்.

ஒரு பொருளின் முகத்தை வேறு பக்கம் ஆக்குவது திருப்புதல். ஓர் அச்சைப் பற்றி உள்ளோ வெளியோ செல்லுமாறு சுற்றுவது திருகுதல். திருகாணி அதனால் பெயர் பெற்றது. ஒரு முனையை நிறுத்தி மறுமுனையைச் சுற்றுவது முறுக்குதல். பல இழைகளை ஒன்றன்மேல் ஒன்று சுற்றி ஒன்றாக்குவது திரித்தல். அவ்வாறு ஒன்றாகிய இழை புரி. நில்லாது வட்டமாக இயங்குவது சுழல்தல். இவற்றுள் திரி, திருகு, திரும்பு, திருப்பு ஆகியவை ஒரு வேரின. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘திருகு’ இன்றும் வழங்குகின்றது. மலையாளத்தில் ‘திரி’ உண்டு. கையால் சுற்றி அரைக்கும் கல் திரிகை. பெரும்பாணாற்றுப்படையில் அதற்குத் திரிமரம் என்பது பெயர். திருகாணியைச் செலுத்தும் கருவிக்குத் திருப்புளி என்று கைவினைஞர் பெயரிட்டனர். அச் சொல்லை ஆக்க எந்தக் கழகமும் கூடவில்லை. எந்த அரசாணையும் பிறக்கவில்லை.

சுற்றும் திசைக்கும் தமிழ் பெயர் வைத்திருந்தது. வலம்புரி, இடம்புரி எனச் சங்கினைப் பிரித்தது. வலஞ்சுழி, இடஞ்சுழி என நீரையும் மயிரையும் பிரித்தது. இன்றைய கணக்குநூல்கள் கடிகை முள்ளின் திசையை வலஞ்சுழி என்றும் அதன் எதிர்த்திசையை இடஞ்சுழி என்றும் குறிப்பது அவ் வழக்கைப் பின்பற்றியே.

கயிறு திரிப்பவன் தொழிலை உற்று நோக்குக. நாரை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குகின்றான். பின்னர் இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குகின்றான். புரி அவிழ முயலும் திசை ஒன்று. கயிறு அவிழ முயலும் திசை அதற்கு எதிர். ஒன்றை ஒன்று தடுப்பதால் கயிறு பிரியாது நிற்கின்றது. எதிரெதிர் முறுக்கங்கள் ஈடாகும்போது பொருள் நிலைபெறும் என்னும் அறிவியல் உண்மையைக் கல்லா மகனும் தன் உள்ளங்கையால் அறிந்திருந்தான்.

பொருட்பெருக்கத்தில் ஒற்றுமை

இருவேறு குடும்பத்து மொழிகள் ஒரே கருத்தை ஒரே வழியில் வளர்த்திருப்பது வியப்பளிக்கும். உண்மையைக் கோணலாக்குவதை இலத்தீன வழியினர் முறுக்குதலாகக் கண்டனர். தமிழரும் ‘திரித்துக் கூறுதல்’ என்றனர். பொய்யை அடுக்கிச் சொல்பவனைக் ‘கயிறு திரிக்கின்றான்’ என்று நாட்டுப்புறத்தார் இன்றும் எள்ளுவர். குடல்நோவை உரோமர் முறுக்குப் பெயரால் வழங்கினர். தமிழ்த் தாயும் ‘பிள்ளைக்கு வயிற்றை முறுக்குகின்றது’ என்பாள். நார்முறுக்கிலிருந்து அவர் கைவிளக்கிற்குப் பெயர் கண்டனர். தமிழரும் விளக்கில் இடும் முறுக்கிய துணிக்குத் ‘திரி’ என்றே பெயரிட்டனர்.

இவ்வூர் மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வேங்கிக்காலிலிருந்து நிமிர்ந்து நோக்கின் 2,668 அடி உயர்ந்த அண்ணாமலை தெரியும். கார்த்திகை விளக்கீட்டு நாளில் அதன் உச்சிக் கொப்பரையில் எரிவது திரி. அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவிற்குக் குறையாத நெய்யும், 1,000 மீட்டருக்குக் குறையாத துணியும் அதற்குப் பயன்பட்டுள்ளன. மின்கலக் கைவிளக்கிற்கு வாங்கிய ‘டார்ச்சு’ என்னும் சொல்லும், மலையுச்சியில் ஏற்றும் ‘திரி’ என்னும் சொல்லும் கருத்தளவில் ஒன்றே. ஒன்று இரவல், மற்றொன்று மலைபோல் சொந்தம்.

கொடுமைக்கும் நேர்மைக்கும் வருவோம் எனின், ஒற்றுமை இன்னும் ஆழமாகச் செல்லும். ‘கொடு’ என்றால் வளைந்தது. கொடுமரம் என்பது வில். கொடுவாள் என்பது வளைந்த வாள். அவ் வளைவினின்று பிறந்ததே கொடுமை. திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. நேராக நிற்பது முறை. வளைந்து நிற்பது கொடுமை. ‘டார்ட்டு’ என்னும் சட்டச்சொல்லும் ‘டார்ச்சர்’ என்னும் துன்பச்சொல்லும் முறுக்கினின்று பிறந்தாற்போல, தமிழில் கொடுமை வளைவினின்று பிறந்தது. ‘டார்ச்சர்’ என்னுமிடத்துக் ‘கொடுமை’ என்று சொல்ல இயலாத தமிழன் ஒருவனும் இரான். சொல்ல மறந்தவர் பலராயினர்.

டார்க்கு குறிக்கும் பொருள்

இனி, அறிவியற் பொருளைக் காண்க. கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் பெருமுயற்சி வேண்டும். ஓரத்தில் தள்ளினால் சிறுவிரலே போதும். இரண்டிடத்தும் கதவு ஒன்றே, தொலைவு வேறு. அச்சிலிருந்து விசை தாக்கும் இடம்வரை உள்ள செங்குத்துத் தொலைவையும் விசையையும் பெருக்கிவரும் அளவே டார்க்கு. கால் மீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் 200 நியூட்டன் விசை தந்தால் கிடைப்பது 50 நியூட்டன் மீட்டர். பிடியை அரை மீட்டராக நீட்டினால் 100 நியூட்டன் விசையே அதே 50 நியூட்டன் மீட்டரைத் தரும். மரை இளகாதபோது பட்டறை இளைஞன் கைக்கருவியின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீட்டிக்கொள்வது இதனாலேயே. செக்கிற்கு நீண்ட மரம் பூட்டியதும், திரிகைக் கல்லின் ஓரத்தில் கைப்பிடி நட்டதும் இதனாலேயே.

ஆகவே டார்க்கு என்பது விசையன்று. விசையின் அலகு நியூட்டன். இதன் அலகு நியூட்டன் மீட்டர். விசை பொருளை முடுக்கும். இது பொருளைச் சுழல முடுக்கும். விசை மாறாதிருக்கவே இது மாறக்கூடும் என்பதற்கு மேற்கண்ட கதவே சான்று. இவ் வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு பாடநூற் சொற்களை ஆராய்தல் வேண்டும்.

பாடநூல்களில் உள்ள நிலை

தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளி இயற்பியல் நூல்களில் டார்க்கிற்குத் ‘திருப்பு விசை’ என்றும், விசையின் சுழற்று விளைவிற்குத் ‘திருப்புத்திறன்’ என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் தூய தமிழே. ஆயின் தூய்மை மட்டும் போதாது; பொருத்தமும் வேண்டும்.

‘திருப்பு விசை’ என்று படிக்கும் மாணவன் அதனையும் ஒருவகை விசை என்றே கொள்வான். விசையின் வகைகளாகிய ஈர்ப்பு விசை, உராய்வு விசை, மின்விசை என்னும் வரிசையில் இதனையும் சேர்ப்பான். தேர்வில் அதன் அலகை நியூட்டன் என்றெழுதி மதிப்பெண் இழப்பான். பிழை அவனது என்பர். சொல்லே அவனைப் பிழைவழியில் செலுத்தியது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலர். ‘திருப்புத்திறன்’ என்பதிலும் அத்தகு இடர் உண்டு. அதே நூல் வேறோர் இயலில் ‘திறன்’ என்பதை வாட் அலகால் அளக்கப்படும் அளவிற்குப் பெயராக வைத்துள்ளது. ஒரு நூலில் ஒரு சொல் இரு பொருளில் நிற்பது கலைச்சொல் நெறிக்கு முரண். கலைச்சொல் என்பது ஒரு பொருளுக்கு ஒரு பூட்டும் ஒரு திறவுகோலும் போல அமைதல் வேண்டும்.

ஈழத்தை நோக்குக. அங்கே விசைத் தாக்கத்தின் சுழற்று விளைவு ‘திருப்பம்’, டார்க்கு ‘முறுக்கம்’, ஒத்த அளவினவாய் எதிரெதிர்த் திசையினவாய் உள்ள இரு விசைகள் ‘இணை’. வாட் அலகால் அளக்கப்படுவது அங்கே ‘வலு’. எந்தச் சொல்லும் மற்றொன்றன் இடத்தில் புகுந்து குழப்பவில்லை. விசை என்னும் சொல் விசைக்கே உரியதாய் நிற்கின்றது.

ஆயினும் ஈழத்துச் சொற்கள் யாவும் ஏற்புடையன என்பதற்கில்லை. பொருள் தன் நிலையை விட்டு மாறாதிருக்கும் இயல்பை அவர்கள் ‘சடத்துவம்’ என்பர். அது வடசொல் அடியினது. தமிழ்நாட்டார் அதனை ‘நிலைமம்’ என்பர், அது தமிழ். அவர்கள் ‘சக்தி’ என்பதை இவர்கள் ‘ஆற்றல்’ என்பர். எனவே கொடுக்கவும் கொள்ளவும் இரு கரையிலும் பொருள் உண்டு. அங்குள்ள ‘சடத்துவத் திருப்ப’மும் இங்குள்ள ‘நிலைமத் திருப்புத்திற’னும் கைகோத்தால் ‘நிலைமத் திருப்பம்’ என்னும் செப்பமான சொல் பிறக்கும். கடல் பிரித்த இரு தமிழ் நிலங்களின் மாணவரும் ஒரே நூலைப் படிக்க இயலாது தடுமாறும் நிலையை இத்தகைய ஒப்புரவே நீக்கும்.

முறுக்கம் என்பதன் பொருத்தம்

முதலாவது, சொல்லமைதி. முடுக்கு என்னும் வினையடி ‘அம்’ ஈறு பெற்று முடுக்கம் ஆயிற்று. பெருக்கு, சுருக்கு, நோக்கு, ஆக்கு என்பன பெருக்கம், சுருக்கம், நோக்கம், ஆக்கம் என்றாயின. அந் நெறியிலேயே முறுக்கு என்பது முறுக்கம் ஆகும். விசை தருவது முடுக்கம். முறுக்கம் தருவது கோண முடுக்கம். ஒலியிணையே பொருளிணையை நினைவூட்டும். இதனினும் மாணவர்க்கு எளிய துணை வேறு யாது?

இரண்டாவது, பொருள் நுட்பம். மின்விசிறி சுழல்கின்றது, அங்கே முறுக்குண்பது யாது என்று வினவுவார் உளர். விசையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்தும் சுழல்தண்டு எதுவாயினும், ஒரு முனையில் ஓட்டும் பொறியும் மறுமுனையில் சுமையும் இருக்கும்போது, கண்ணுக்குப் புலனாகாத சிறு அளவேனும் முறுக்குண்டே தீரும். இரும்புத் தண்டும் அதற்கு விலக்கன்று. அச் சிறு முறுக்கை அளந்தே பொறியாளர் தண்டின்வழிச் செல்லும் டார்க்கைக் கணிக்கின்றனர். ஆகவே முறுக்கம் என்பது உவமையால் வந்த பெயரன்று. உள்ளபடி வந்த பெயர்.

முறுக்கின் அளவு எத்துணை நுண்ணியது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1785இல் பிரெஞ்சு அறிஞர் கூலும்பு, மெல்லிய கம்பியின் முறுக்கைக் கொண்டு மின்னேற்றங்களுக்கிடையே உள்ள விசையை அளந்தார். 1798இல் ஆங்கில அறிஞர் கேவண்டிசு, ஈய உருண்டைகள் ஒன்றையொன்று ஈர்க்கும் மிகச் சிறு விசையை ஒரு கம்பியின் முறுக்கால் அளந்து, நிலவுலகின் செறிவு நீரின் செறிவைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கண்டார். நிலவுலகையே நிறுத்த துலாக்கோல் ஒரு கம்பியின் முறுக்கே.

மறுப்பும் விடையும்

‘டார்க்கு என்பது பன்னாட்டுச் சொல், அதனை அப்படியே வழங்கினால் என்ன?’ என்பர் ஒரு சாரார். அது பன்னாட்டுச் சொல் அன்று, ஆங்கில வழக்கே. பொறித்தொழிலில் உலகிற்கு ஆசானாக விளங்கும் செருமானியர், திருப்புதலைக் குறிக்கும் தம் சொந்தச் சொல்லை முன்னிறுத்தியே அதற்குப் பெயர் வைத்துள்ளனர். பிரெஞ்சுக்காரர் இணை என்னும் பொருள்படும் தம் சொல்லால் வழங்குகின்றனர். உருசியரும் முறுக்குதற் பொருளுடைய தம் வினையடியையே கையாள்கின்றனர். அவர்தம் பொறிகள் ஓடாமல் நின்றுவிடவில்லை. செருமானியன் தன் சொல்லால் பொறி செய்கின்றான். அப் பொறியை வாங்கி ஓட்டும் தமிழனுக்கு மட்டும் ஆங்கிலச் சொல் இன்றியமையாததாம்!

‘பாடநூலில் பதிந்த சொல்லை மாற்றினால் குழப்பம் விளையும்’ என்பர் மற்றொரு சாரார். இரசாயனம் வேதியியலாக மாறிற்று. பௌதிகம் இயற்பியலாக மாறிற்று. எந்தப் பள்ளியும் இடிந்து விழவில்லை. ஒரு பதிப்பில் புதுச்சொல்லைத் தந்து அடைப்பில் பழஞ்சொல்லைக் காட்டி, அடுத்த பதிப்பில் அடைப்பை நீக்கினால் மாற்றம் இனிது முடியும். குழப்பம் என்பது பொருந்தாத சொல்லை வைத்திருப்பதால் நாள்தோறும் விளைவது. மாற்றத்தால் விளைவது ஓராண்டுத் தடுமாற்றமே.

‘முறுக்கம் என்றால் தின்னும் முறுக்கு நினைவிற்கு வருமே’ என்று நகையாடுவார் மூன்றாம் சாரார். வரட்டும்! மாவை விரலால் முறுக்கிச் சுற்றியதால் அத் தின்பண்டம் அப் பெயர் பெற்றது. இலத்தீன வேரினின்று கழுத்தணி பெயர் பெறவில்லையா? தாய் அடுப்பங்கரையில் செய்த கைமுறுக்கை நினைத்துக்கொண்டே பிள்ளை இயற்பியல் கற்பானாயின், அவ் வறிவு அவனை விட்டு நீங்காது. அறிவியல் அயலது, அச்சந்தருவது என்னும் எண்ணமும் அவனை அணுகாது.

செய்யத்தக்கன

சொல்லைப் பற்றி உரையாடிக் கலைவதால் சொல் வாழாது. 1974இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு முதல் இயக்குநராகிய மொழிஞாயிறு பாவாணர், 1981இல் மறையும்வரை தமிழ் வேர்களைத் தேடித் தொகுத்தார். வேர்களைத் தேடித் தந்தவர் கடன் முடிந்தது. அவற்றை நீரூற்றி வளர்ப்பார் கடன் முடியவில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் ‘திருப்பு விசை’ என்னும் பாடச்சொல்லைத் தரும்போதே, அது விசையன்று, முறுக்கம் என்று ஒரு வரி விளக்கம் தருதல் வேண்டும். பாடநூல் ஆக்குவோர் ஈழத்துக் கலைச்சொற் பட்டியலையும் தமிழ்நாட்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் பொருத்தத்தாலும் தூய்மையாலும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். நூலாசிரியர்கள் பட்டறைக்குச் செல்லுதல் வேண்டும். மரை, திருகாணி, திருப்புளி, புரி, முடுக்கு, இளக்கு என்று அங்கு வாழும் சொற்களைப் பாடநூல் எழுதுவோர் பலர் கேட்டிலர். ‘டார்க் பார்த்து முடுக்கு’ என்று சொன்ன அப் பட்டறை இளைஞன் வாயிலேயே ‘முடுக்கு’ என்னும் தமிழ் இருக்கின்றது. அவன் இழந்தது ஒரு சொல்லே. அதனையும் மீட்டுக் கொடுத்தால், ‘முறுக்கம் பார்த்து முடுக்கு’ என்று தன் தொழிலைத் தன் மொழியில் முழுமையாகச் சொல்வான்.

தன் கையால் செய்யும் தொழிலைத் தன் மொழியால் எண்ண இயலாதவன், தொழிலில் என்றும் பிறர்க்கு ஏவலனாகவே நிற்பான். எண்ண இயன்றவன் பொறியை ஓட்டுவதோடு அமையான், அதனைத் திருத்துவான், புதிது படைப்பான். ஒரு சொல்லை மீட்பதில் அடங்கியுள்ள பெரும்பயன் இதுவே. நார் தனித்து நின்றால் அறுந்துபோம். முறுக்கேறிப் புரியானால் தேர் இழுக்கும். தமிழ்ச் சொற்களும் தனித்தனியே அகரமுதலியில் உறங்காமல், பள்ளியிலும் பட்டறையிலும் வீட்டிலும் ஒன்றோடொன்று முறுக்கேறி வழங்குக!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் முயற்சி!